குளிர் ஊர்ப் பையன்

2009 ஜூன் 9, சாயங்காலம். நியூ ஜெர்சியின் செகாக்கஸில் உள்ள எம்எல்பி நெட்வொர்க் டிவி ஸ்டுடியோவில் டிராஃப்ட் நடக்கிறது. மேஜர் லீக் பேஸ்பாலின் 30 அணிகளும் பள்ளி, கல்லூரிப் பையன்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும் நாள் அது. நேரில் வரச் சொல்லிப் பையன்களை அழைத்திருந்தார்கள். வந்தவன் ஒரே ஒருத்தன். அதே மாநிலத்தின் தெற்கே இருக்கும் மில்வில் ஊரைச் சேர்ந்த மைக் டிரவுட், வயது 17.

முதல் பந்திக்கே வந்து உட்கார்ந்தவனுக்குக் கடைசிவரை இலை போடாத கதையாக, ஒவ்வொரு பெயராகப் போய்க்கொண்டே இருந்தது. முதலில் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க், எல்லாரும் எதிர்பார்த்ததுதான். அப்புறம் இரண்டு, மூன்று, பத்து, இருபது. 24ஆவது வாய்ப்பு கலிஃபோர்னியாவின் அனஹைமில் ஆடும் ஏஞ்சல்ஸ் அணிக்கு. அவர்கள் டெக்சாஸ் பள்ளி மாணவன் ராண்டல் கிரிசக்கை எடுத்தார்கள். 25ஆவதும் அவர்களுக்கே. மார்க் டெஷேராவை நியூயார்க் யாங்கீஸ் பெரிய விலைக்குக் கூட்டிக்கொண்டு போனதற்கு ஈடாக யாங்கீஸிடமிருந்து வந்த வாய்ப்பு அது. அதில்தான் மைக் டிரவுட்டின் பெயரைச் சொன்னார்கள். ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்த ஒரே பையன் எழுந்து போய் ஏஞ்சல்ஸின் சிவப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டான்.

அவன் இன்று சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருதை மூன்று முறை வாங்கியவர், நம் சிக்ஸர் மாதிரி பந்தை வேலிக்கு வெளியே தூக்கும் ஹோம் ரன்னில் 400ஐத் தாண்டியவர். அதனால் அந்த 24 பெயர்களைப் பட்டியல் போட்டு "இவர்களையெல்லாம் எடுத்துவிட்டு அவனை விட்டுவிட்டார்களே" என்று சிரிப்பது பேஸ்பால் ரசிகர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடு இல்லை. விட்டவர்கள் முட்டாள்களும் இல்லை. அவர்கள் ஏன் விட்டார்கள், ஏஞ்சல்ஸில் மட்டும் ஒருவர் ஏன் விடவில்லை என்பதில்தான் கதையே இருக்கிறது.

நான் இந்த ஆட்டத்துக்குத் தாமதமாக வந்தவன். கிரிக்கெட் தவிர வேறெதுவும் தெரியாமல் வளர்ந்து, நியூ ஜெர்சிக்கு வேலைக்கு வந்து, மதியச் சாப்பாட்டு மேசையில் எல்லாரும் பேசும்போது பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கக் கூடாதே என்று பார்க்க ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் அதுவே பழக்கமாகி, நண்பர் ஒருவரின் பையன் ஆடும் பள்ளி மேட்சுகளுக்கெல்லாம் போய் வேலிக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்தேன். அங்கே நின்ற பிறகுதான் டிரவுட்டை ஏன் தவறவிட்டார்கள் என்பது எனக்குப் பிடிபட்டது.

ஏப்ரல் முதல் வாரத்தில் நியூ ஜெர்சி மைதானம் எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பனி உருகி மண் சொதசொதவென்று கிடக்கும். பெற்றோர் மடக்கு நாற்காலியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பந்து போடும் பிட்சர் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் கையை வாயருகே கொண்டுபோய் ஊதிக்கொள்வான். மட்டை உலோகம். பந்து நடுவில் படாமல் கைப்பிடிப் பக்கம் பட்டுவிட்டால் மின்சாரம் பாய்ந்த மாதிரி இரண்டு கையும் விறைத்துப்போகும், பையன் மட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டே முதல் பேஸுக்கு, அதாவது அடித்தவன் ஓடித் தொடவேண்டிய முதல் முனைக்கு, ஓடுவான். அடுத்த நாள் மழை, மேட்ச் ரத்து. அதற்கடுத்த நாள் மைதானம் காயவில்லை. இப்படியே இரண்டு மாதத்தில் சீசன் முடிந்துவிடும்.

டெக்சாஸ், ஃபுளோரிடா, கலிஃபோர்னியா பையன்கள் கிட்டத்தட்ட வருஷம் முழுக்க வெயிலில் ஆடுகிறவர்கள். அணிக்கு ஆள் தேடி ஊர் ஊராகச் சுற்றும் ஸ்கவுட் ஒருவர் அவர்களை முப்பது தடவை பார்க்கலாம். நல்ல பிட்சர்களுக்கு எதிராகவே பார்க்கலாம். தெற்கு நியூ ஜெர்சியில் ஒருத்தன் 18 ஹோம் ரன் அடித்தான் என்றால், யார் போட்ட பந்தில் அடித்தான் என்ற கேள்வி உடனே வரும். டிரவுட் பள்ளியின் கடைசி வருஷத்தில் அடித்தது சரியாக அந்த 18தான். அன்றைக்கு அது மாநிலச் சாதனை. ஆனால் கோடிக்கணக்கில் பணம் போடுகிறவனுக்கு அந்த எண்ணை நம்பக் காரணம் போதாது. "குளிர் ஊர்ப் பையன்" என்றாலே ஸ்கவுட்டுகளின் நோட்டில் ஒரு படி கீழே போய்விடுவான்.

ஸ்கவுட்டுகளுக்கு என்று ஒரு மதிப்பெண் முறை உண்டு. 20இல் தொடங்கி 80 வரை போகும். 50 என்றால் மேஜர் லீக்கில் சராசரி, 80 என்றால் அபூர்வம். அடிக்கும் திறன், அடியின் பலம், ஓட்டம், எறிகிற கை, பிடிக்கும் திறன் என்று ஐந்துக்கும் தனித்தனியாகப் போடுவார்கள். இதில் ஓட்டம் ஒன்றைத்தான் ஸ்டாப்வாட்ச் வைத்துச் சந்தேகமில்லாமல் அளக்க முடியும். வலது கை ஆட்டக்காரன் பந்தை அடித்த நொடியிலிருந்து 90 அடி ஓடி முதல் பேஸைத் தொட 4.3 விநாடி ஆனால் சராசரி. அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரன் மாதிரிக் கட்டுமஸ்தாக இருந்த டிரவுட் அதைவிட வெகு வேகமாக ஓடினான். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு வேகமாக ஓடுவதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். பார்த்ததை நம்பியவர்கள்தான் குறைவு.

மில்வில் கண்ணாடித் தொழிற்சாலைகளால் வளர்ந்த ஊர். அந்தப் பக்கத்து மணல் கண்ணாடிக்கு ஏற்றது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டர்போல்ட் போர் விமானங்களை ஓட்டுகிறவர்களுக்கு அங்கே பயிற்சி கொடுத்தார்கள். அதனால்தான் பள்ளி அணிக்கும் தண்டர்போல்ட்ஸ் என்றே பெயர். மக்கள்தொகை முப்பதாயிரத்துக்கும் குறைவு. அந்தப் பள்ளியில் வரலாற்றுப் பாடம் எடுத்த வாத்தியார் ஜெஃப் டிரவுட். மைக்கின் அப்பா.

ஜெஃப்பும் டிராஃப்டில் எடுக்கப்பட்டவர்தான். 1983இல் மினசோட்டா ட்வின்ஸ் அணி அவரை ஐந்தாம் சுற்றில் எடுத்தது. செகண்ட் பேஸில் ஆடினார், நன்றாகவே அடித்தார். மைனர் லீக்கில் டபுள் ஏ வரை ஏறினார். அதாவது மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே. உடம்பு ஒத்துழைக்கவில்லை. காயம் மேல் காயம் வந்து 1986 சீசனோடு விட்டுவிட்டு, ஊர் திரும்பி வாத்தியார் வேலைக்குச் சேர்ந்தார்.

அவரோடு அதே ட்வின்ஸ் மைனர் லீக் அணியில் ஆடியவர் கிரெக் மோர்ஹார்ட். அவரும் மேஜர் லீக்கை எட்டவில்லை. இதில் இன்னொரு வேடிக்கை, கிரெக்கின் அப்பா மோ மோர்ஹார்ட் அறுபதுகளின் தொடக்கத்தில் சிகாகோ கப்ஸ் அணிக்காக மேஜர் லீக்கில் ஆடியவர். அப்பா போன இடத்துக்கு மகனால் போக முடியாத வீடு அது. ஆட்டத்தை விட்ட பிறகு கிரெக் ஸ்கவுட் வேலைக்குப் போனார். அப்படித்தான் ஏஞ்சல்ஸுக்காக வடகிழக்கு மாநிலங்களைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

இப்படித்தான் பழைய சகாவின் பையனைப் பார்க்க மில்வில் மைதானத்துக்கு வந்து நின்றார் மோர்ஹார்ட். "தெரிந்தவர் பையன், அதனால் எடுத்தார்" என்று இதைச் சுருக்கிவிடலாம். நம் ஊரிலும் சிபாரிசு என்று எளிதாகச் சொல்லிவிடுவோம். ஆனால் இங்கே நடந்தது வேறு. மற்ற ஸ்கவுட்டுகள் கண் முன்னால் ஒரு பள்ளிப் பையன் மட்டும்தான் இருந்தான். மோர்ஹார்ட்டுக்கு அந்தப் பையனின் அப்பா ஓடிய விதம், அடித்த விதம், தோற்றபோது நடந்துகொண்ட விதம் எல்லாம் தெரியும். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரே அணியில் அருகிலிருந்து பார்த்தவர். அந்த ரத்தத்தில் இன்னும் பெரிய உடம்பும் இன்னும் வேகமான காலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அவரால் கணக்குப் போட முடிந்தது. ஏணியில் பாதியில் இறங்கியவனுக்குத்தான் எந்தப் படி வழுக்கும் என்று தெரியும். மோர்ஹார்ட் மேலிடத்தில் அடித்துச் சொன்னார். அணியின் ஸ்கவுட்டிங் இயக்குநர் எடி பேன் அவரை நம்பினார். பேனை அடுத்த வருஷமே ஏஞ்சல்ஸ் வேலையை விட்டு அனுப்பிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2009 டிராஃப்டில் மட்டும் டிரவுட், கிரிசக், டைலர் ஸ்காக்ஸ், கேரட் ரிச்சர்ட்ஸ், பாட்ரிக் கார்பின் என்று ஐந்து மேஜர் லீக்காரர்களைப் பொறுக்கி எடுத்த மனிதர்!

பள்ளியில் டிரவுட் முதலில் ஷார்ட்ஸ்டாப், இரண்டாம் மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்பவன். யாங்கீஸின் ஷார்ட்ஸ்டாப் டெரக் ஜீட்டர் மேல் பைத்தியம், அதனால் சட்டையில் ஜீட்டரின் 2ஆம் எண். பிட்சிங்கும் போட்டான். எதிரணிக்கு ஒரு ஹிட் (அடித்துவிட்டுப் பத்திரமாகப் பேஸைச் சேரும் அடி) கூடக் கொடுக்காத நோ ஹிட்டர் ஒன்று அவன் கணக்கில் இருக்கிறது. கடைசி வருஷம்தான் மைதானத்தின் வெளிப்பகுதியான அவுட்ஃபீல்டுக்கு மாற்றினார்கள். அந்த வருஷத்தின் பிளேஆஃப் மேட்ச் ஒன்றில் செர்ரி ஹில் ஈஸ்ட் பள்ளி செய்த காரியத்தைக் கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும். பேட்ஸ்மேனைக் கண்டு பயந்தால் வேண்டுமென்றே நான்கு பந்து வெளியே போட்டு அவனைச் சும்மா முதல் பேஸுக்கு அனுப்பிவிடலாம். ஆனால் மூன்று பேஸிலும் ஆள் நின்றால் அப்படி அனுப்புவது எதிரணிக்கு ஒரு ரன்னை இனாமாகக் கொடுப்பதற்குச் சமம். மூன்றாம் பேஸில் நிற்பவன் நடந்தே ஹோம் முனைக்கு வந்து ரன் சேர்த்துவிடுவான். அப்படியிருந்தும் அனுப்பினார்கள். மேஜர் லீக்கில் 1998இல் பெரிய அடிகாரர் பாரி பாண்ட்ஸுக்கு அரிசோனா அணி செய்த மரியாதை அது. இங்கே ஒரு பள்ளிப் பையனுக்கு.

ஈஸ்ட் கரோலினா பல்கலைக்கழகத்தில் சேருவதாகத்தான் டிரவுட் முதலில் ஒப்புக்கொண்டிருந்தான். ஏஞ்சல்ஸ் கையெழுத்து போனஸாக 12 லட்சத்து 15 ஆயிரம் டாலர் கொடுத்தது. கல்லூரி போயிற்று.

டிராஃப்டில் எடுத்துவிட்டால் ஆள் மேலே வந்துவிட்டான் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஐபிஎல் ஏலத்தில் எடுத்த பையன் அடுத்த மாதமே நிரம்பிய மைதானத்தில் நிற்பதைப் பார்த்துப் பழகிய கண் இல்லையா. பேஸ்பாலில் டிராஃப்ட் என்பது ஏணியின் அடியில் கொண்டுபோய் விடுவது மட்டும்தான். அந்தக் காலத்தில் டிராஃப்ட் 50 சுற்று போகும், 1,500 பேர் அளவில் எடுப்பார்கள். வருஷா வருஷம். மேலே இருக்கும் 30 அணிகளிலும் சேர்த்து அப்போது 750 இடம். கணக்கு யாருக்கும் புரியும். ரூக்கி லீக், ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று படிப்படியாக ஏறவேண்டும். போனஸ் வாங்காதவர்களுக்கு மாதம் ஆயிரத்துச் சொச்சம் டாலர், அதுவும் சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். ராத்திரி முழுக்க பஸ். தங்குவதற்கு ஊர்க்காரர்கள் வீட்டில் ஓர் அறை. இந்தச் சம்பளக் கொடுமை 2023இல் சங்கம் வைத்து ஒப்பந்தம் போட்ட பிறகுதான் கொஞ்சம் மாறியது.

டிரவுட் இந்த ஏணியில் நடக்கவே இல்லை, ஓடினான். 2009 கோடையில் அரிசோனா ரூக்கி லீக்கில் .360 அடித்தான், அதாவது ஆயிரம் முயற்சிக்கு 360 ஹிட் என்ற கணக்கு. பத்துக்கு மூன்று தடவை அடித்தால் நல்ல ஆட்டக்காரன் என்று சொல்லும் ஆட்டத்தில் இது. 2010இல் அயோவா மாநிலத்தின் சீடர் ராப்பிட்ஸ் அணியில் .362. சீசன் பாதியில் ஹை ஏவுக்கு, கலிஃபோர்னியாவின் ராஞ்சோ குக்கமோங்காவுக்குத் தூக்கினார்கள். 2011இல் ஆர்கன்சாவில் டபுள் ஏ. அப்பா நின்றுபோன படி.

சீடர் ராப்பிட்ஸில் அவனோடு ஆடிய டைலர் ஸ்காக்ஸ் அதே டிராஃப்டில் 40ஆவதாக வந்தவன். சான்டா மோனிகா பள்ளியிலிருந்து வந்த இடது கை பிட்சர். நடுவில் அரிசோனாவுக்கு மாற்றப்பட்டு, திரும்பி ஏஞ்சல்ஸுக்கு வந்து டிரவுட்டோடு மேஜர் லீக்கில் ஆடினான். 2019 ஜூலை 1 அன்று டெக்சாஸ் ஓட்டல் அறையில் இறந்துகிடந்தான், வயது 27. ஃபென்டனில் என்ற கடும் வலிநிவாரணி கலந்த மாத்திரை. கொடுத்ததாக அந்த அணியின் ஊழியர் ஒருவரே பின்னால் நீதிமன்றத்தில் குற்றவாளி ஆனார். ஜூலை 12, ஏஞ்சல்ஸ் சொந்த மைதானத்துக்குத் திரும்பிய முதல் மேட்சில் எல்லாரும் ஸ்காக்ஸின் 45ஆம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். முதல் இன்னிங்ஸிலேயே டிரவுட் ஹோம் ரன் அடித்தார். இரண்டு பிட்சர்கள் சேர்ந்து நோ ஹிட்டர் போட்டார்கள், 13-0. மேட்ச் முடிந்ததும் அத்தனை பேரும் சட்டையைக் கழற்றிப் பிட்சர் மேட்டில் பரப்பினார்கள். பள்ளியிலிருந்து மேஜர் லீக் என்று எழுதும்போது மேலே போய்ச் சேர்ந்துவிட்டால் எல்லாம் சுபம் என்கிற தொனி தானாக வந்துவிடுகிறது. ஸ்காக்ஸும் போய்ச் சேர்ந்தவன்தான்.

2011 ஜூலை 8. அவுட்ஃபீல்டின் நடுவில் நிற்கும் சென்டர் ஃபீல்டர் பீட்டர் போர்ஜஸுக்குத் தொடையில் பிடிப்பு. டபுள் ஏவில் இருந்த டிரவுட்டை, டிரிபிள் ஏ படியையே தாண்டி, நேராக அனஹைமுக்குக் கூப்பிட்டார்கள். இருபதுகூட ஆகவில்லை. சியாட்டல் அணிக்கு எதிராக முதல் மேட்ச், மூன்று முயற்சி, ஒரு ஹிட்டும் இல்லை. அனஹைமில் மேட்ச் தொடங்கும்போது இங்கே கிழக்குக் கரையில் ராத்திரி பத்து மணி. மில்வில்லில் விழித்திருந்து பார்த்திருப்பார்கள். மறுநாள் முதல் ஹிட் வந்தது. ஆனால் மாதக் கடைசியில் திரும்ப ஆர்கன்சாவுக்கே அனுப்பிவிட்டார்கள். ஆகஸ்டில் மறுபடி கூப்பிட்டார்கள். அந்த வருஷம் மொத்தம் 40 மேட்ச், .220. பிரமாதமான எண் இல்லை. வாழ்க்கையில் முதன்முறையாக அந்தப் பையன் சாதாரண ஆட்டக்காரனாகத் தெரிந்தான்.

அந்த டிராஃப்ட் நடந்த அதே வாரம் கடைகளில் இருந்த ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையின் அட்டையில் இன்னொரு பள்ளிப் பையன் இருந்தான். லாஸ் வேகஸின் பிரைஸ் ஹார்ப்பர், வயது 16. பள்ளிக்குச் சமமான தேர்வை முன்கூட்டியே எழுதிவிட்டுக் கல்லூரிக்குப் போய், 2010 டிராஃப்டில் முதல் ஆளாக வாஷிங்டன் நேஷனல்ஸுக்குப் போனான். ஒருவன் ஊர் உலகமெல்லாம் தெரிந்து, இன்னொருவன் 24 பேருக்குப் பின்னால். இருவரையும் அவரவர் அணி மேலே கூப்பிட்டது ஒரே நாளில், 2012 ஏப்ரல் 28. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. மேஜர் லீக்குக்குள் அமெரிக்கன், நேஷனல் என்று இரண்டு லீக் உண்டு. அந்த வருஷம் இருவரும் தத்தம் லீக்கின் சிறந்த புதுமுகம் ஆனார்கள். யார் பெரியவன் என்ற சண்டை எங்கள் ஆபீஸில் வருஷக்கணக்காக ஓடியது. நான் மில்வில் கட்சி.

அந்த ஏப்ரலில் ஏஞ்சல்ஸ் நிலைமை பரிதாபம். பத்து வருஷத்துக்கு 240 மில்லியன் டாலர் பேசிக் கூட்டிவந்த ஆல்பர்ட் பூஹோல்ஸ் அந்த மாதம் முழுக்க ஒரு ஹோம் ரன்கூட அடிக்கவில்லை. 20 மேட்சில் 6 வெற்றி. டிரவுட் சால்ட் லேக்கில், டிரிபிள் ஏவில், .403 அடித்துக்கொண்டிருந்தார். அனுபவசாலி பாபி அப்ரேயூவை விடுவித்துவிட்டு அவரைக் கூப்பிட்டார்கள். அதன்பிறகு நடந்ததைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. .326, 30 ஹோம் ரன், 49 ஸ்டீல் (யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பறிப்பது), 129 ரன். அவ்வளவு சின்ன வயதில் 30 ஹோம் ரன்னும் 30 ஸ்டீலும் ஒரே சீசனில் அதற்கு முன் யாரும் செய்ததில்லை. ஜூன் 27 பால்டிமோரில் ஜே ஜே ஹார்டி அடித்த பந்து சுவரைத் தாண்டிவிட்டது. டிரவுட் பின்னோக்கி ஓடி, சுவரில் காலைக் கொடுத்து எம்பி, வேலிக்கு மேலே கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பிடித்த பிறகு அவர் முகத்தில் வரும் சிரிப்பு, பக்கத்து வீட்டு மாமரத்தில் ஏறி இறங்கிய பையனின் சிரிப்பு.

எம்விபி மட்டும் டெட்ராய்ட்டின் மிகேல் கப்ரேராவுக்குப் போனது. அவர் 1967க்குப் பிறகு யாரும் எடுக்காத டிரிபிள் கிரவுனை எடுத்திருந்தார். சராசரி, ஹோம் ரன், ஆர்பிஐ (தன் அடியால் சேர்த்த ரன்) மூன்றிலும் முதல். 28 முதலிட வாக்கில் 22 அவருக்கு, 6 டிரவுட்டுக்கு. பழைய எண்களை நம்புகிறவர்களுக்கும், ஓட்டம், ஃபீல்டிங் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டும் புதுக் கணக்கை நம்புகிறவர்களுக்கும் நடந்த சண்டை அது. நான் புதுக் கணக்கின் பக்கம். அந்த வருஷம் டிரவுட்தான் சிறந்த ஆட்டக்காரர் என்று இன்றைக்கும் சொல்வேன்.

சரி, இப்படி ஆடியவருக்கு அடுத்த வருஷம் அணி என்ன கொடுத்தது? 2013 மார்ச்சில் ஏஞ்சல்ஸ் அவருக்கு எழுதிய சம்பளம் 5 லட்சத்து 10 ஆயிரம் டாலர். மேஜர் லீக்கில் அந்த வருஷம் ஒருவருக்குக் கொடுத்தே ஆகவேண்டிய குறைந்தபட்சம் 4 லட்சத்து 90 ஆயிரம். விதிப்படி அணி செய்ததில் தப்பில்லை. மேலே வந்த முதல் சில வருஷங்கள் ஆட்டக்காரனுக்குப் பேரம் பேச வழியே கிடையாது, அணி எழுதுவதுதான் சம்பளம். போதாக்குறைக்கு, சென்டர் ஃபீல்டிலிருந்து அவரை லெஃப்ட் ஃபீல்டுக்கு மாற்றப்போவதாகவும் சொன்னார்கள். போர்ஜஸ் சென்டரில் ஆடுவாராம். டிரவுட்டின் ஏஜென்ட் வெளிப்படையாகவே அதிருப்தியைச் சொன்னார். டிரவுட் ஒன்றும் பேசாமல் இறங்கி அந்த வருஷம் .323 அடித்தார். அந்தக் குளிர்காலம் ஏஞ்சல்ஸ் போர்ஜஸையும் கிரிசக்கையும் ஒரே வியாபாரத்தில் செயின்ட் லூயிஸுக்கு அனுப்பிவிட்டு, டிரவுட்டுக்கு 144.5 மில்லியன் டாலரில் ஆறு வருஷ ஒப்பந்தம் எழுத உட்கார்ந்தது.